தென் சென்னை ஓட்டுப் போடாது என்பது உண்மைதானா? எங்கள் மாடிப்படிக் கணக்கு

மாம்பலம் மாடிவீடு
20 டிசம்பர் 2025, காலை 8:40

எஸ்ஐஆர் என்கிற சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு நேற்று வரைவு வாக்காளர் பட்டியல் வந்ததும் முதல் வேலையாக எங்கள் சாவடிக்குரிய பாகத்தை இறக்கிப் பார்த்தேன். மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடு உள்ள பழைய அடுக்ககம் எங்களுடையது. தி.நகர் தொகுதி.

போன பட்டியலில் எங்கள் கதவு எண்ணில் 31 பேர் இருந்தார்கள். 2017இல் காலமான என் அப்பா அதில் உண்டு. 2012இல் பெங்களூருக்குப் போன தம்பி உண்டு. மூன்றாவது மாடியில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியிருந்துவிட்டுப் போன நான்கு குடும்பமும் அப்படியே உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா பெயரில் பூத் சிலிப் வரும். அம்மா அதைக் கிழிக்க மாட்டாள், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள்.

உண்மையில் இந்தக் கட்டடத்தில் இருக்கும் வாக்காளர்கள் 17 பேர். 2024 ஏப்ரல் 19 அன்று அதில் 14 பேர் ஓட்டுப் போட்டோம். மாடிப்படியில் விரலைக் காட்டிக்கொண்டேதான் ஏறினோம், அதனால் எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது. மீதி மூன்று பேரில் ஒருவர் நீண்ட வார இறுதி என்று கொடைக்கானல் போய்விட்டார். ஒரு பாட்டிக்கு முழங்கால் வலி. இன்னொருவர் வெயில் தாழட்டும் என்று தூங்கி, ஆறரைக்கு எழுந்தார்.

அரசுக் கணக்கில் 31க்கு 14, அதாவது 45 சதவீதம். எங்கள் மாடிப்படிக் கணக்கில் 17க்கு 14, அதாவது 82. "படித்தவன் ஓட்டுப் போட மாட்டான், தென் சென்னை தூங்குமூஞ்சி" என்று இத்தனை வருடமாகத் திட்டு வாங்கினோமே, அதில் எவ்வளவு எங்கள் சோம்பல், எவ்வளவு பட்டியலின் ஊளைச்சதை? உங்கள் தெருவில் எப்படி என்று சொல்லுங்கள்.

லஸ் முனை
20 டிசம்பர் 2025, காலை 9:25

எங்கள் பக்கமும் இதே கதைதான். ஆனால் ஒன்று சார், எட்டு வீட்டை வைத்து ஊரை எடை போடாதீர்கள். 2024இல் தென் சென்னையில் 54 சதவீதம், மத்திய சென்னையில் அதற்கும் சற்றுக் குறைவு. வட சென்னை 60. தர்மபுரி 81. பட்டியலில் செத்தவர்கள் தர்மபுரியிலும்தான் இருந்திருப்பார்கள்.

பழைய பூத் ஏஜென்ட்
20 டிசம்பர் 2025, பகல் 12:10

சைதாப்பேட்டைப் பக்கம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஏஜென்டாக உட்கார்ந்தவன் நான். எந்தக் கட்சிக்கு என்று கேட்காதீர்கள், இங்கே அது தேவையில்லை.

மாம்பலத்தார் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. அதிகாரிகள் கையிலேயே 'ஏஎஸ்டி' பட்டியல் என்று ஒன்று இருக்கும். ஊரில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பெயர்களெல்லாம் அதில் வரும். அந்தப் பெயரில் யாராவது வந்தால் அடையாளத்தை இரட்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. ஆக, ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சதவீதம் போடும்போது மட்டும் அவர்களும் வகுக்கும் எண்ணில் உட்கார்ந்திருப்பார்கள்.

இனி அந்த நாள் எப்படி நகரும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வருபவர் நடைப்பயிற்சி முடித்து வரும் ஓய்வுபெற்ற ஊழியர். கையில் சிலிப், அட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் தயார். எட்டரை வரை அந்தக் கூட்டம். ஒன்பதரைக்கு மேல் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். பகல் ஒன்று முதல் மூன்று வரை ஈ ஓட்டுவோம். அப்போதுதான் எங்கள் வேலை ஆரம்பம்.

என் கையில் உள்ள பட்டியலில் வந்த பெயரையெல்லாம் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருப்பேன். மூன்று மணிக்கு வெளியே நிற்கும் பையன் வந்து, கோடு போடாத பெயர்களைக் குறித்துக்கொண்டு போவான். வாரியக் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஆள் உண்டு. "ஏக்கா, இன்னும் போகலையா, மாமா எங்கே?" என்று வாசலில் நின்றே கூப்பிடுவான். நாலரைக்கு அவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அடுக்ககத்துக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவார். சிலிப்பை அவரிடம் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் போனால் தண்ணீர் கேன் மேல் கட்டாக அப்படியே கிடக்கும். ஒரு வீட்டில் எத்தனை பேர், யார் அமெரிக்கா போனார், யார் படுத்த படுக்கை என்று எங்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களுக்கும் எங்கள் வட்டச் செயலாளர் யார் என்று தெரியாது.

இரண்டும் உண்மை என்பதுதான் நான் கண்டது. பட்டியலில் ஊளைச்சதை இருந்தது. அதை எடுத்துவிட்டாலும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் உள்ள தெருவும் இல்லாத தெருவும் ஒரே அளவுக்கு ஓட்டுப் போடாது.

அந்தப் பாட்டிக்கு வயது என்ன? 85 தாண்டியிருந்தால் 2024இல் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே போட்டிருக்கலாம்.

மாம்பலம் மாடிவீடு
20 டிசம்பர் 2025, பகல் 12:31

79 சார். முழங்காலுக்கு அது தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்
20 டிசம்பர் 2025, மாலை 6:05

ஏஜென்ட் அண்ணன் சொன்னதற்கு எங்கள் ஆர்.கே.நகரைவிட நல்ல சாட்சி கிடையாது. 2017 டிசம்பர் 21 இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? 77 சதவீதம். இதே சென்னை, இதே ஊளைச்சதைப் பட்டியல். எப்படி வந்தது? தெருவுக்கு நாலு அமைச்சர் சுற்றினார்கள். மூன்றாவது மாடியில் இருந்த என் சித்தியைக்கூட நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போதைய ஆளுங்கட்சி இரண்டாவது. திமுகவுக்கு டெபாசிட் போனது.

ஓஎம்ஆர் வாடகை
20 டிசம்பர் 2025, மாலை 6:20

அந்த ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலையே ரத்து செய்தார்களே, அதையும் சொல்லுங்கள் ப்ரோ. அப்புறம் டிசம்பரில் 20 ரூபாய் நோட்டு டோக்கன் பேச்சு வேறு. அப்படி வரும் 77 எதற்கு?

கொருக்குப்பேட்டை கேட்
20 டிசம்பர் 2025, மாலை 6:48

பணத்தை மறைத்துப் பேசவில்லை தம்பி. ஆனால் காசு வாங்கியவன்தான் வரிசையில் நிற்பான் என்பது தெற்கே உட்கார்ந்து பேசுகிற பேச்சு. எங்களுக்கு ரேஷன் கடை, தண்ணி லாரி, பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாம் கட்சிக்காரர் வழியாகத்தான் நகரும். அவர் தோற்றால் எங்கள் தெருவில் தெரியும். உங்கள் தெருவில் யார் ஜெயித்தாலும் மெட்ரோ வாட்டர் வரும், வராவிட்டால் காசு கொடுத்து லாரி வாங்குவீர்கள். அதுதான் வித்தியாசம்.

காசு வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குக் குத்தியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

லஸ் முனை
20 டிசம்பர் 2025, இரவு 9:15

இழை வேறு பக்கம் போவதற்குள் சாய்வு பற்றிக் கொஞ்சம். "மயிலாப்பூர், மாம்பலம் என்றால் ஒரே கட்சி, அவர்கள் மொத்தமாக வந்து போட்டால் முடிவே மாறிவிடும்" என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். எங்கள் தொகுதியின் வரலாற்றைப் பாருங்கள். 2001இல் மயிலாப்பூரில் ஜெயித்தது பாஜகவின் கே.என்.லட்சுமணன், அதுவும் திமுக கூட்டணியில் நின்று. 2006இல் எஸ்.வி.சேகர், 2011இல் ராஜலட்சுமி, 2016இல் முன்னாள் டிஜிபி நட்ராஜ், மூவரும் அதிமுக. 2021இல் திமுகவின் த.வேலு. மாட வீதியை மட்டும் மயிலாப்பூர் என்று நினைத்தால் இது புரியாது. நொச்சிக்குப்பமும் பட்டினப்பாக்கமும் சாந்தோமும் இதே தொகுதிதான். கோயில் குளத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அதற்குள் மூன்று விதமான ஓட்டு.

சென்னை மொத்தமும் அப்படித்தான் ஆடும். 2011இல் 16 தொகுதியில் திமுகவுக்கு மிஞ்சியது கொளத்தூரும் சேப்பாக்கமும் மட்டும். 2016இல் திமுக 10, அதிமுக 6. 2021இல் 16ம் திமுக கூட்டணிக்கு. 'திமுக கோட்டை' என்று பெயர் இருக்கிறதே தவிர, கோட்டைக்குக் கதவு உண்டு. ஒன்று மட்டும் சொல்லலாம். மாநிலமே எதிராகப் போன 1991இல்கூட அந்தக் கட்சி சட்டமன்றத்துக்குப் பிடித்த இரண்டு இடமும் சென்னையில்தான். துறைமுகத்தில் கருணாநிதி வென்றது 890 ஓட்டில். இன்னொன்று எழும்பூர்.

வேளச்சேரி வாய்க்கால்
20 டிசம்பர் 2025, இரவு 9:40

890 எல்லாம் பழசு. 2021இல் மாம்பலத்தார் தொகுதியிலேயே வித்தியாசம் 137 ஓட்டு. கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம்.

மாம்பலம் மாடிவீடு
20 டிசம்பர் 2025, இரவு 10:02

அதை ஏன் கேட்கிறீர்கள். முடிவு வந்த மறுநாள் எங்கள் படிக்கட்டில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டது இன்னும் ஓயவில்லை. அன்று வராமல் போனவர் அதிமுக அனுதாபி. கொரோனாவுக்குப் பயந்து போகவில்லை. "137இல் நீ ஒருத்தன்தானே" என்று சொன்னாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. "எல்லாக் கட்டடத்திலும் என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருப்பானே" என்கிறார். சரியான கேள்விதான்.

புதுசு 2025
21 டிசம்பர் 2025, காலை 7:10

இந்த இழையே ஒரு கட்சியின் ஐடி விங் திறந்ததுபோல் இருக்கிறது.

பழைய பூத் ஏஜென்ட்
21 டிசம்பர் 2025, காலை 7:44

எந்தக் கட்சி என்று சொன்னால் சம்பளம் எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொள்வேன் தம்பி.

ஓஎம்ஆர் வாடகை
21 டிசம்பர் 2025, காலை 10:30

நான் இன்னொரு வகை. ஊர் விருதுநகர்ப் பக்கம். பதினோரு வருடமாகச் சோழிங்கநல்லூர் தொகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். நடுவில் வீடு மாறியபோது யாரோ வந்து படிவம் வாங்கிப்போய் இங்கேயும் பெயர் சேர்ந்துவிட்டது. ஊரில் நீக்கவில்லை. இரண்டு இடத்திலும் பெயர், ஓட்டு ஊரில். 2024இல் வெள்ளிக்கிழமை தேர்தல் என்றதும் வியாழன் இரவே கிளாம்பாக்கத்தில் நின்றேன். பஸ்ஸில் ஏற முடியவில்லை, அவ்வளவு கூட்டம். அன்று தென் மாவட்டப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்கள் பெரும்பாலும் என்னைப் போலத்தான் இருந்திருப்பார்கள். ஊரில் விரலில் மை, சென்னைப் பட்டியலில் 'வராதவர்'.

சோழிங்கநல்லூர் தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி. 2021இல் ஏழு லட்சத்தை ஒட்டிய வாக்காளர்கள். அதில் எத்தனை பேர் உண்மையில் எந்த ஊர்க்காரர்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

இந்த எஸ்ஐஆரில் ஒரே இடத்தில்தான் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு இடத்தில் போட்டால் ஒரு வருடம் வரை சிறை என்றார்கள். படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஊருக்குத்தான் அனுப்பினேன். இங்கே என் கவுன்சிலர் யாரென்று தெரியாது. ஊரில் கிளைச் செயலாளர் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதியிருக்கிறேன்.

சென்னைக்குத்தான் வரி கட்டுகிறேன், சென்னை வெள்ளத்தில்தான் கார் போனது. தெரிந்தேதான் செய்தேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

வேளச்சேரி வாய்க்கால்
21 டிசம்பர் 2025, காலை 11:05

திட்டவில்லை. ஆனால் 2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். வாய்க்கால் தூர்வாரப் பேசப் போனால் "உங்க ஏரியாவில் பாதிப் பேர் ஓட்டே போடறதில்லையே சார்" என்று சிரிக்கிறார்கள். 2021இல் சென்னையிலேயே குறைந்தது எங்கள் தொகுதி, சுமார் 56. அந்த 56ஐ என் முகத்தில் எறிந்துதான் பேச்சை முடிப்பார்கள். நீங்கள் எல்லாம் பெயரை இங்கே விட்டுவிட்டு ஊரில் போட்டதன் விலை அது.

(அந்தத் தேர்தலில் ஓட்டு இயந்திரத்தை ஸ்கூட்டரில் எடுத்துப் போய் மாட்டிக்கொண்டதும் எங்கள் தொகுதியில்தான். 92ஆம் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறு வாக்குப்பதிவு நடந்தது. சென்னையின் மற்ற தொகுதிக்கு இல்லாத பெருமை.)

கணக்கு வாத்தி
21 டிசம்பர் 2025, மாலை 4:20

எல்லோரும் 'போலிப் பெயர் போனது, இனி சதவீதம் ஏறும்' என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சென்னை மாவட்டத்தில் எஸ்ஐஆருக்கு முன் சுமார் 40 லட்சம் பேர். வரைவுப் பட்டியலில் 25.79 லட்சம். போனது 14.25 லட்சம். அதில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சம் அளவுதான். 12 லட்சத்துக்கு மேல் 'இடம்பெயர்ந்தவர்கள்'. மாநிலம் முழுக்கப் போனது 97 லட்சம் சொச்சம், அதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் சென்னையில்.

இப்போது 2021க்கு வாருங்கள். அப்போது மாவட்டத்தில் சுமார் நாற்பதரை லட்சம் வாக்காளர்கள், 59 சதவீதம் பதிவு. மாநிலத்திலேயே கடைசி. அப்படியானால் உண்மையில் வந்து பொத்தான் அழுத்தியவர்கள் கிட்டத்தட்ட 24 லட்சம். இறந்தவரும் இடம் மாறியவரும் வந்து அழுத்த முடியாது. 24 லட்சம் என்பது நிஜ மனிதர்கள், நிஜ விரல்கள்.

இன்றைய பட்டியல் 25.79 லட்சம். அன்றைய 24 லட்சத்தை இதன்மேல் வைத்தால் 93 சதவீதம் வரும். சென்னை 93 சதவீதம் ஓட்டுப் போடும் ஊர் என்று இங்கே யாராவது நம்புகிறீர்களா? மாநிலத்திலேயே முதலிடம் வந்த கரூரே 2021இல் 84ஐத் தொடவில்லை.

நாலரை வருடத்தில் சிலர் இறந்திருப்பார்கள், புறநகருக்குப் போயிருப்பார்கள், புதிதாகப் பதினெட்டு ஆனவர்கள் இருப்பார்கள். அதையெல்லாம் எப்படித் தள்ளிப் பார்த்தாலும் ஒன்று இடிக்கிறது. பழைய பட்டியல் மிகவும் வீங்கியிருந்தது, சரி. புதியது சதையோடு எலும்பையும் கொஞ்சம் அறுத்திருக்கிறது.

மாம்பலம் மாடிவீடு
21 டிசம்பர் 2025, மாலை 5:02

இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை வாத்தியாரே. இப்போது மறுபடி பட்டியலைப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் 16 பேர்தான் இருக்கிறார்கள். இரண்டாவது மாடித் தம்பதியில் மனைவி பெயர் இல்லை. நேற்று 31 போய்விட்டதே என்ற மகிழ்ச்சியில் 17ஐ நான் சரிபார்க்கவில்லை.

பெரும்பாக்கம் செல்வி
22 டிசம்பர் 2025, காலை 6:50

நான் இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

நாங்கள் கூவம் கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்து, ஒரு மழையில் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டோம். ரேஷன் அட்டை மாற்ற ஒரு வருடம் ஆனது. ஓட்டு மாறவில்லை. 2016இல் பழைய இடத்திலிருந்து கட்சிக்காரர்கள் வேன் அனுப்பினார்கள். வேனில் போனோம், பழைய அக்கம்பக்கத்தை எல்லாம் பள்ளிக்கூட வாசலில் பார்த்தோம், அழுதோம், ஓட்டுப் போட்டோம், திரும்பினோம். 2019இலும் போனோம். 2021இல் நாங்களாகவே இரண்டு பஸ் மாறிப் போனோம். ஒரு நாள் கூலி போனாலும் விட்டதில்லை.

இந்த எஸ்ஐஆருக்குப் பழைய இடத்தில் படிவம் கொடுக்க வந்தவர்கள் அங்கே வீடே இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அது பொய்யில்லை, வீடு இல்லைதான். இங்கே வந்தவர்களிடம் எங்கள் பெயர் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கள் பிளாக்கில் நாங்கள் மட்டும் இல்லை.

அங்கே சதவீதம் ஏறும் என்கிறீர்கள். நாங்கள் கழிந்ததும் அந்தக் கணக்கில் வருமா?

பழைய பூத் ஏஜென்ட்
22 டிசம்பர் 2025, காலை 8:15

வரும் அம்மா. அதுதான் வாத்தி சொல்கிற எலும்பு.

நீங்கள் இப்போது இருக்கும் முகவரியிலேயே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள், கூடவே உறுதிமொழிப் படிவமும். நீக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைத் தனியாக ஒட்டியிருப்பார்கள். அதில் உங்கள் பழைய பாகம் எண், வரிசை எண், என்ன காரணம் போட்டிருக்கிறது என்று முதலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகத் தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ அப்பா அம்மா பெயரோ இருந்தால் அந்த எண்ணையும் கையில் வைத்திருங்கள். ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. சனி, ஞாயிறு முகாமுக்குப் போங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். 'அப்புறம் மெசேஜ் வரும்' என்று சொன்னாலும் கேட்டு வாங்குங்கள்.

பிளாக்கில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தனியாகப் போகிறவரிடம் நாளைக்கு வா என்பார்கள். இருபது பேர் நின்றால் நாற்காலி போடுவார்கள்.

லஸ் முனை
22 டிசம்பர் 2025, காலை 11:30

செல்வியின் பதிவைப் படித்தபின் என் பழைய வாதத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. 'குப்பத்து ஓட்டு, அடுக்கக ஓட்டு' என்று பிரித்துப் பேசுகிறோம். பதினைந்து இருபது வருடமாக ஊரின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக ஓட்டுப் போடுகிறவர்கள். அப்படியானால் நடுச் சென்னையின் சதவீதம் இறங்கியதில் இந்த இடப்பெயர்ப்புக்கும் பங்கு இருக்க வேண்டும். வேன் நின்றுபோன வருடத்திலிருந்து அந்தப் பெயர்களும் 'வராதவர்' ஆகியிருக்கும்.

இதை யாராவது சாவடிவாரியாகப் பார்த்ததுண்டா? படிவம் 20 தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்குமே.

கணக்கு வாத்தி
22 டிசம்பர் 2025, பகல் 1:45

படிவம் 20 நல்ல சுரங்கம்தான். ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று இருக்கும். ஒரு சாவடி என்றால் அதிகம் போனால் ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர், நான்கைந்து தெரு. உங்கள் தெருவின் சாய்வு என்ன என்று நீங்களே பார்க்கலாம். நான் பார்த்தவரை ஒரே தொகுதியில், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் இன்னொரு கட்சி என்று கத்தரித்த மாதிரி இருக்கும்.

ஆனால் எனக்கு அதில் ஒரு பயமும் உண்டு. நான் பார்ப்பதைக் கட்சிக்காரரும் பார்க்கிறார். எந்தத் தெரு தனக்குப் போடவில்லை என்று அவருக்குத் தெரியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பெட்டிகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் சாவடி சாவடியாக அம்மணமாகிவிட்டது. பல சாவடிகளின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. இன்றுவரை வரவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்
22 டிசம்பர் 2025, பகல் 2:10

படிவம் 20 எல்லாம் வேண்டாம் வாத்தியாரே. எங்கள் தெருவில் எந்தக் கம்பத்துக்குக் கீழ் விளக்கு எரியவில்லை என்று பாருங்கள், சாய்வு தெரியும்.

வேளச்சேரி வாய்க்கால்
22 டிசம்பர் 2025, மாலை 7:00

'தெற்கே மேல்தட்டு மொத்தமாக வந்தால் பாஜக ஜெயிக்கும்' என்ற வாதத்துக்கு இரண்டு தகவல். 2022 பிப்ரவரி 19 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவு 43 சதவீதச் சொச்சம். 2011க்கு அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் கழித்து வந்த தேர்தல், நடுவில் 2016 முதல் கவுன்சிலரே இல்லை, அப்படியிருந்தும் பாதிப் பேர்கூட வரவில்லை. அந்த மந்தமான தேர்தலில்தான் 200 வார்டில் பாஜகவுக்கு ஒரே ஒரு வார்டு, 134, கிடைத்தது. அதுவும் மேற்கு மாம்பலத்தில். 2024இல் தென் சென்னையில் தமிழிசை இரண்டாம் இடம் வந்ததும் 54 சதவீதத்தில்தான். அதிமுக மூன்றாவது. தமிழச்சி தங்கபாண்டியன் ஜெயித்த வித்தியாசம் இரண்டேகால் லட்சம்.

வராதவர்கள் எல்லாம் வந்தால் யாருக்குப் போடுவார்கள் என்பது ஜோசியம். 2019இல் கமல் கட்சிக்குத் தென் சென்னையில் 1.35 லட்சம் ஓட்டு விழுந்தது. அடுக்ககத்தில் எல்லோரும் ஒரே பொத்தானை அழுத்துகிறார்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது? எங்கள் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் சத்தமாகப் பேசுகிறவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஒரே கட்சி. மீதி நூறு பேர் காலை வணக்கம் மட்டும் போடுவார்கள். அவர்கள் எங்கே போடுகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது.

ஓஎம்ஆர் வாடகை
22 டிசம்பர் 2025, இரவு 8:25

சதவீதத்தை நம்புவதற்கு முன் இன்னொன்று. 2024 தேர்தல் அன்று இரவு மாநிலத்துக்கு 72.09 என்றார்கள். மறுநாள் 69.46 ஆனது, கடைசியில் 69.72. சென்னைத் தொகுதிகளில்தான் பெரிய சறுக்கல், தென் சென்னை பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கியது. செயலி வழியே சில சாவடிகளிலிருந்து வந்த எண்ணை வைத்துப் போட்ட மதிப்பீடு அது என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு இரவு முழுக்க நாங்கள் நல்லவர்களாக இருந்தோம்.

மாம்பலம் மாடிவீடு
28 டிசம்பர் 2025, இரவு 7:30

இன்று முகாமுக்குப் போய்வந்தேன். இரண்டாவது மாடிப் பெண்மணிக்குப் படிவம் 6 கொடுத்தோம். நவம்பரில் கணக்கீட்டுப் படிவம் கொண்டுவந்தபோது இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கணவர் மட்டும் ஆன்லைனில் தன்னுடையதை நிரப்பியிருக்கிறார். மனைவியுடையதும் சேர்ந்தே போயிருக்கும் என்று நினைத்துவிட்டாராம். அந்த வீட்டில் இன்று சாப்பாடு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

கட்டடத்தின் நோட்டீஸ் போர்டில் 17 பெயரையும் வரிசை எண்ணோடு எழுதி ஒட்டிவிட்டேன். தெருவில் மற்ற கட்டடங்களிலும் கேட்டுப் பார்த்தேன். மூன்று கட்டடத்தில் செயலாளர் உதவினார். ஒன்றில் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, "எந்தக் கட்சி சார்?" என்றார். ஏஜென்ட் சாரை நினைத்துக்கொண்டேன்.

அம்மா இன்று அப்பாவின் பழைய சிலிப்புகளை எண்ணிப் பார்த்தாள். ஐந்து இருந்தது. இனி வராதா என்று கேட்டாள். வராது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய பூத் ஏஜென்ட்
28 டிசம்பர் 2025, இரவு 8:05

வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அடுத்த முறை விடுவார். பாகம் எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சாவடிகளைப் பிரித்திருக்கிறார்கள், வழக்கமான பள்ளிக்கூடமாக இல்லாமல் போகலாம்.

பெரும்பாக்கம் செல்வி
4 ஜனவரி 2026, மாலை 5:40

நாங்கள் பிளாக்கிலிருந்து 23 பேர் சேர்ந்து போனோம். அண்ணன் சொன்னது போலவே நாற்காலி போட்டார்கள். இரண்டு பேருக்குப் பழைய பட்டியலில் அப்பா பெயரில் எழுத்துப் பிழை, அவர்களை மட்டும் விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். ஒப்புகைச் சீட்டு எல்லோருக்கும் வாங்கிவிட்டோம். என்னுடையதை ரேஷன் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

பெயர் வந்தால் இனி இங்கேதான் ஓட்டு, சோழிங்கநல்லூர். என் வீட்டுக்காரர் கேட்கிறார், இங்கே யார் நிற்பார்கள், அவர்களை நமக்குத் தெரியுமா என்று.